தீவுக்குப் போகும் நாள்

தங்கை: கோட்டை வேண்டாம் அண்ணா. ஒரே ஏத்தம். பெரியப்பா முட்டி தாங்காது.

அண்ணன்: அவரைக் கீழே ஒரு பெஞ்சுல உட்கார வெச்சுட்டு மத்தவங்க ஏறட்டும்.

தங்கை: உட்கார வெச்சா? இறங்கி வந்ததும் ஆரம்பிப்பார். "உங்க செருப்புக்குக் காவல் இருக்கவா என்னை இத்தனை தூரம் வரவழைச்சீங்க"ன்னு. ஊருக்குத் திரும்பிப் போற வரைக்கும் நிறுத்த மாட்டார்.

அண்ணன்: திரும்பிப் போயும் நிறுத்த மாட்டார். சரி, மீன் காட்சியகம்? அங்கே படியே கிடையாது.

தங்கை: உள்ளே ஒரே இருட்டு. நடுவுல பாதை சரிவா இறங்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான். அத்தைக்கு இருட்டுல கண்ணு தெரியாது.

அண்ணன்: கைப்பிடி எத்தனை பக்கம்ங்கிற வரைக்கும் பார்த்து வெச்சிருக்கே!

தங்கை: … ஒரு தடவை போனேன்.

அண்ணன்: நான் பஸ் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த வாசல்ல நிறுத்தி ஆளை இறக்கி விடறேன். உள்ளே மீன் இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

தங்கை: இருக்கு… அந்த டம்ளரை எடு. மேப் மேல டீ சொட்டுது.

அண்ணன்: எங்கே?

தங்கை: ஆத்து மேல.

அண்ணன்: ஆறுதானே. நனைஞ்சா நனையட்டும்.

தங்கை: சிரிப்பு வரலை.

அண்ணன்: மாமா வந்து இதையே சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பே. சொந்த அண்ணன் சொன்னா வராது… சரி, கணக்கைப் பாரு. வரது பதினோரு பேர். நடக்க முடியாதவர் ஒருத்தர். கண்ணு தெரியாதவங்க ஒருத்தர். பார்க்கிற இடத்துல எல்லாம் நின்னு போட்டோ எடுக்கிறவர் ஒருத்தர்.

தங்கை: மாமாவுக்கு மியூசியம் போதும். வாசல்லயே ரெண்டு பீரங்கி இருக்கு.

அண்ணன்: ஆமா, அதுல சாய்ஞ்சு சாய்ஞ்சு எடுத்தே பொழுதை ஓட்டிடுவார். பெரியப்பா?

தங்கை: மியூசியத்துல சக்கர நாற்காலி குடுப்பாங்க. நாமதான் கேட்கணும், அவங்களா குடுக்க மாட்டாங்க. அதுல உட்கார வெச்சுத் தள்ளிட்டுப் போயிடலாம்.

அண்ணன்: யாரை, பெரியப்பாவையா? அதை நீயே அவர்கிட்ட சொல்லு. அந்த நேரம் பார்த்து நான் வேனுக்கு டீசல் போடப் போயிடறேன்.

தங்கை: பயந்தாங்கொள்ளி.

அண்ணன்: ஆமா. அந்தக் குடும்பத்துல பொறந்தவன்தானே நானும்… இந்த மெத்தைகளை இப்படியே கூடத்துலயே போட்டு வெக்கட்டுமா? மாடி வீட்டுக்காரங்க இன்னும் ரெண்டு தரேன்னு சொல்லியிருக்காங்க.

தங்கை: வாங்கிக்கோ. அத்தை சன்னல் ஓரமாப் படுக்க மாட்டாங்க. காத்து காதுல போயிடும்பாங்க.

அண்ணன்: சரி, கேளு. வியாழன் சாயங்காலம் வந்து இறங்கறாங்க. அன்னிக்கு எங்கேயும் கிடையாது. சாப்பாடு, படுக்கை. வெள்ளி மியூசியம், பூங்கா. சனி மணிக்கூண்டு, கடைத்தெரு. திங்கள் கலங்கரை விளக்கம். செவ்வாய் சும்மா விட்டுடலாம், பெட்டி கட்டணும்.

தங்கை: ம்.

அண்ணன்: என்ன ம்?

தங்கை: ஞாயித்துக்கிழமையை விட்டுட்டே.

அண்ணன்: விடலை. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

தங்கை: அன்னிக்குத்தான் முக்கியமா வெளியே இருக்கணும். எழுந்திரிச்சதும் கிளம்பிடணும். இருட்டினப்புறம் வந்தாப் போதும்.

அண்ணன்: கல்யாணத்துக்குன்னு கடல் தாண்டி வரவங்களைக் கல்யாணத்தன்னிக்கு ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லணும். "மாப்பிள்ளையும் வேன்லதான் வராரா"ன்னு கேட்பாங்க.

தங்கை: அதுக்குள்ள சொல்லிடுவேன்.

அண்ணன்: எப்போ?

தங்கை: சனிக்கிழமை. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும்.

அண்ணன்: மண்டபத்தை வேண்டாம்னு திருப்பிக் குடுத்த அன்னிக்கே சொல்லிடறேன்னே. அப்புறம், அத்தை கடைக்குப் போயிருக்கற நேரமாப் பார்த்து அம்மாகிட்ட தனியா சொல்றேன்னே. அத்தையும் கடைக்குப் போய் வந்துட்டாங்க. ஒரு கடையை விடலை. பெட்டி நிறைய வாங்கி வெச்சிருக்காங்க. நாளைக்கு விமானம் ஏறப் போறாங்க. இன்னும் நீ சொல்லலை.

தங்கை: கத்தாதே.

அண்ணன்: கத்தலை. வாஷிங் மெஷின் ஓடுது, அதான் சத்தமாப் பேசறேன்… இன்னிக்கே சொல்லிடு. "கல்யாணம் நின்னு போச்சும்மா." ஒரே வரி.

தங்கை: சொன்னா அம்மா கிளம்ப மாட்டாங்க.

அண்ணன்: கிளம்ப வேண்டாமே.

தங்கை: கிளம்பாம அந்த வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கணுமா? போன தடவை நீ இங்கே இருந்தே, உனக்குத் தெரியாது. முதல்ல எனக்குப் பார்த்த பையன் வீட்டுல வேண்டாம்னு சொல்லி அனுப்பினப்புறம் அம்மா கடைக்குப் போறதையே விட்டுட்டாங்க. பால்காரர் மணி அடிச்சா, பாத்திரத்தை வாசல்ல வெச்சுட்டு உள்ளே போயிடுவாங்க. அவர் ஊத்திட்டுப் போனதுக்கு அப்புறம்தான் வெளியே வந்து எடுப்பாங்க. ஒரு வருஷம்… ஒரு வருஷம் அப்படி எடுத்தாங்க.

அண்ணன்: எனக்கு இதைச் சொல்லவே இல்லையே.

தங்கை: சொல்லி? நீ இங்கேர்ந்து பால் ஊத்துவியா? இங்கேன்னா அம்மாவை யாருக்கும் தெரியாது. தெருவுல நடந்தா ஒருத்தரும் நிறுத்திக் கேட்க மாட்டாங்க. நாலு இடம் பார்க்கட்டும். கடலைப் பார்க்கட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்.

அண்ணன்: ஒருத்தரும் கேட்க மாட்டாங்களா? கேட்கிறவங்க பத்து பேரைக் கூடவே கூட்டிட்டுல்ல வராங்க!

தங்கை: அவங்களை நீ பார்த்துக்கோ. வேன்ல ஏத்து, இறக்கு, மறுபடி ஏத்து. களைச்சுப் போகட்டும். களைச்சவங்க கேள்வி கேட்க மாட்டாங்க.

அண்ணன்: நீ பொதுவாச் சொல்றே. நான் அத்தையைப் பத்திச் சொல்றேன்.

தங்கை: … அத்தையை முன் சீட்டுல உட்கார வெச்சுக்கோ. ரோடு காட்டு. பேச்சு குடுத்துட்டே இரு.

அண்ணன்: ஓட்டும்போது பேசக் கூடாதுன்னு எங்க பஸ்ல போர்டே போட்டிருக்கு.

தங்கை: அண்ணா, விளையாடாதே. நிஜமாவே என்னால முடியலை… இதோ பாரு, வெள்ளிக்கிழமை பூங்காலேர்ந்து வீட்டுக்கு வர எதுக்குத் துறைமுகத்தைச் சுத்திட்டு வரே? நேர் ரோடு இருக்கே.

அண்ணன்: இருக்கு.

தங்கை: சனிக்கிழமையும் அப்படித்தான் போட்டிருக்கே. கடைத்தெருவுக்கு எதுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பணும்?

அண்ணன்: நேர் ரோட்டுலதான் மண்டபம் இருக்கு. மாமா மண்டபத்தோட படத்தைப் போன்ல வெச்சிருக்கார். ஊருல எல்லாருக்கும் அனுப்பியிருக்கார். வழியில கண்ணுல பட்டா, "நிறுத்து, நிறுத்து, வாசல்ல ஒண்ணு எடுத்துக்கறேன்"ம்பார். இறங்கிப் போய்ப் பார்த்தா உள்ளே வேற யாருக்காவது கல்யாணம் நடந்துட்டிருக்கும்.

தங்கை: நான் இதை யோசிக்கவே இல்ல.

அண்ணன்: நீ கைப்பிடியைப் பார்த்தே. நான் ரோட்டைப் பார்த்தேன்.

தங்கை: … டீ ஆறிப் போச்சு. வேற போடட்டுமா?

அண்ணன்: வேண்டாம், உட்காரு. உட்காருன்னேன். ஞாயித்துக்கிழமைக்கு என்ன நினைச்சிருக்கே?

தங்கை: தீவு.

அண்ணன்: தீவா? படகுலயா?

தங்கை: பெரிய படகுதான். உள்ளே உட்கார்ந்துட்டே போகலாம். இறங்கற பலகை அகலமா இருக்கும். அங்கே ஏத்தமே கிடையாது, பெரியப்பாவும் நடக்கலாம். மரத்தடியில மேசை போட்டிருப்பாங்க, சாப்பாட்டைக் கையில கொண்டு போயிடலாம். காலையில போனா, திரும்பற படகு சாயங்காலம்தான்.

அண்ணன்: அங்கே வெச்சுச் சொல்லப் போறியா?

தங்கை: சனிக்கிழமை சொல்ல முடியலைன்னா.

அண்ணன்: அடிப்பாவி. சுத்தித் தண்ணி. கோபம் வந்து எழுந்து போகணும்னாகூட அவங்களுக்கு வழி கிடையாது.

தங்கை: வழி இருந்தா அவங்க போக மாட்டாங்க அண்ணா. நான்தான் போயிடுவேன். அதனாலதான் தீவு.

அண்ணன்: …

தங்கை: ஏதாவது பேசு.

அண்ணன்: என்னத்தைப் பேச? எல்லாம் அவனால வந்தது. அவன் பாட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டான். நாம இங்கே மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு யார் எங்கே உட்காருவா, யார் எங்கே ஏறுவான்னு பார்த்துக்கிட்டிருக்கோம்.

தங்கை: அவன் இவன்னு பேசாதே.

அண்ணன்: பின்னே எப்படிப் பேசறது? பேர் போட்டுப் பத்திரிகை அடிச்சு, ஊரைக் கூட்டி, எல்லாரும் டிக்கெட் எடுத்ததுக்கு அப்புறம் "வேண்டாம்"னு சொல்றவனுக்கு மரியாதை வேறயா?

தங்கை: கலங்கரை விளக்கத்துக்கு வேன் மேலே வரைக்கும் போகுமா?

அண்ணன்: போகும். பேச்சை மாத்தாதே. அன்னிக்கு இந்த மேசையில உட்கார்ந்துதான் சாப்பிட்டான். உன் அண்ணி போட்டதை எல்லாம் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டான். நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான்னு நானே அம்மாகிட்ட சொன்னேன். பேசவே தெரியாதவன்னு இப்போல்ல தெரியுது. முதுகெலும்பு இல்லாத பய.

தங்கை: போதும்.

அண்ணன்: என்ன போதும்? லிஃப்ட் கம்பெனியிலதானே வேலை? ஏத்தி விட்டுட்டுப் பாதியில நிறுத்தறதுதான் அவனுக்குத் தொழில் போல.

தங்கை: அண்ணா…

அண்ணன்: இன்னிக்கு சாயங்காலம் அவன் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கப் போறேன். அடிக்க மாட்டேன், பயப்படாதே. ஒரே ஒரு கேள்வி. "என் தங்கச்சிகிட்ட என்னடா குறையைக் கண்டே?" அவ்வளவுதான்.

தங்கை: போகாதே.

அண்ணன்: ஏன் போகக் கூடாது?

தங்கை: போகாதேன்னா போகாதே.

அண்ணன்: காரணம் சொல்லு, போகலை.

தங்கை: …

அண்ணன்: சட்டையை மாத்திட்டு வரேன்.

தங்கை: அவர் வேண்டாம்னு சொல்லலை. நான்தான் சொன்னேன்.

அண்ணன்: …

தங்கை: நின்னுட்டே இருக்காதே. உட்காரு. இல்ல, திட்டு.

அண்ணன்: உட்கார்ந்துட்டேன். சொல்லு.

தங்கை: எங்கேர்ந்து சொல்றதுன்னு தெரியலை.

அண்ணன்: மீன் காட்சியகத்துலேர்ந்து சொல்லு. அங்கே அவரோடதானே போனே?

தங்கை: அங்கே மட்டும் இல்ல. இந்த மேப்ல இருக்கற எல்லா இடத்துக்கும். நிச்சயம் ஆனதும் அவர்தான் கேட்டார். "உங்க ஆளுங்க அத்தனை தூரத்துலேர்ந்து வராங்க, ஊர் சுத்திக் காட்டணும், முன்னாடியே நாம போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா"ன்னு. நல்ல யோசனைதானே? எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போனோம்.

அண்ணன்: ம்.

தங்கை: அவர் முதல்ல படியைத்தான் பார்ப்பார். அப்புறம் கழிப்பறை எங்கே இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வருவார். பெரியப்பாவை அவர் கண்ணால கண்டதில்ல. ஆனா போற இடத்துல எல்லாம் "உங்க பெரியப்பாவால இது ஏற முடியுமா"ன்னு கேட்பார். அத்தைக்காக அந்த மீன் காட்சியகத்துல கண்ணை மூடிட்டு ஒரு தடவை நடந்தார். கைப்பிடி ஒரு பக்கம்தான்னு அப்படித்தான் தெரிஞ்சது.

அண்ணன்: நல்ல மனுஷன்.

தங்கை: ரொம்ப நல்லவர். நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே… பேசிட்டேதான் இருப்போம். பெரியப்பாவுக்கு எங்கே நிழல், அத்தைக்கு எங்கே தண்ணி, மாமாவை எங்கே தொலைக்கிறது. சிரிச்சிருக்கோம்கூட. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போதுதான் தோணும், எங்களைப் பத்தி ஒரு பேச்சுக்கூடப் பேசலையேன்னு. சரி, அடுத்த வாரம் பேசிக்கலாம்னு விட்டுடுவேன்.

அண்ணன்: அவருக்கும் அப்படித் தோணியிருக்குமோ என்னவோ.

தங்கை: இருக்கலாம். தெரியலை. அதைக்கூட நாங்க பேசிக்கலையே… கடைசியா பாக்கி இருந்தது தீவு. போனோம். கொஞ்ச நேரத்துலயே எல்லாத்தையும் பார்த்தாச்சு. எங்கே உட்கார வெக்கறது, எங்கே சாப்பிட வெக்கறது, எல்லாம் முடிஞ்சுது. திரும்பற படகு சாயங்காலம்தான். படகுத்துறையில ஒரு கொட்டகை இருக்கு. அதுல உட்கார்ந்தோம். உங்க யாரைப் பத்தியும் பேச எதுவும் மிச்சம் இல்ல. எல்லாரையும் பேசித் தீர்த்தாச்சு. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "காத்து நல்லா இருக்கு"ன்னார். "ஆமா"ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு நான் "காத்து நல்லா இருக்கு"ன்னேன்.

அண்ணன்: அவர் "ஆமா"ன்னாரா?

தங்கை: சிரிக்கறியா?

அண்ணன்: இல்லம்மா. சிரிக்கலை.

தங்கை: அப்புறம் அவர் தூங்கிட்டார். தூண்ல சாய்ஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு… அவர் தூங்கினதும் எனக்கு நிம்மதியா இருந்தது அண்ணா. அவ்வளவு நிம்மதி. காலை நீட்டிக்கிட்டேன். அன்னிக்கு முழுக்க அந்தக் கடல் எதிர்லதான் இருந்தது. அப்போதான் கண்ணுக்கே தெரிஞ்சது. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், படகு மெதுவா வரட்டும்னு மனசுக்குள்ள வேண்டிட்டே இருந்தேன். அப்புறம்தான் என்ன வேண்டிட்டிருக்கேன்னு எனக்கே உறைச்சது. கல்யாணம் பண்ணிக்கப் போற மனுஷன் எழுந்திரிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

அண்ணன்: பழகினா…

தங்கை: சரியாப் போயிடும். அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில யாருக்காவது அளவு எடுக்கும்போது சொல்லிக்கிட்டேன். பத்திரிகை அடிச்சு வந்தப்போ சொல்லிக்கிட்டேன். மாமா டிக்கெட் எடுத்துட்டேன்னு போன் பண்ணப்போ சொல்லிக்கிட்டேன். ஒரு நாள் முடியலை. அவரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.

அண்ணன்: அவர் என்ன சொன்னார்?

தங்கை: "உங்க வீட்டுல என்ன சொல்லுவீங்க"ன்னு கேட்டார். தெரியலைன்னேன். "நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும், உங்களை யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க"ன்னார். நான்… சரின்னுட்டேன்.

அண்ணன்: தெரியும்.

தங்கை: என்ன தெரியும்?

அண்ணன்: போன சனிக்கிழமை என் பஸ்ல ஏறினார்.

தங்கை: யாரு… அவரா?

அண்ணன்: ஏறி, கடைசி சீட்டுல போய் உட்கார்ந்துட்டார். எந்த நிறுத்தத்துலயும் இறங்கலை. கண்ணாடியில அவர் முகம் தெரிஞ்சுக்கிட்டே இருந்தது. என்னால ஓட்டவே முடியலை. கடைசியில எல்லாரும் இறங்கினதும் எழுந்து வந்து, என் சீட்டுக்குப் பக்கத்துல நின்னார். "என்னைத் திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. அவங்களை வீட்டுல எதுவும் கேட்காதீங்க"ன்னார்.

தங்கை: நீ என்ன சொன்னே?

அண்ணன்: திட்டத்தான் வாயைத் திறந்தேன். திறந்ததும் ஒண்ணு தோணிச்சு. இடையில விட்டுட்டு ஓடறவன் இப்படிப் பஸ் ஏறி வந்து திட்டு வாங்கிக்க மாட்டானே. "நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்களா"ன்னு கேட்டேன். ஆமான்னார். "என்னைப் பார்த்துச் சொல்லுங்க"ன்னேன். பார்க்க முடியலை அவரால. கதவைத் திறந்து விட்டேன். இறங்கிப் போயிட்டார்.

தங்கை: சனிக்கிழமையா? அப்போ… தெரிஞ்சுக்கிட்டேயா இத்தனை நேரம் அவரைத் திட்டினே?

அண்ணன்: நீ எது வரைக்கும் திட்ட விடுவேன்னு பார்த்தேன். ரொம்ப தூரம் விட்டுட்டே, குட்டி.

தங்கை: …

அண்ணன்: அழாதே. மூக்கைத் துடை. அந்தத் துணி இல்ல, அது மேசை துடைக்கிறது.

தங்கை: எனக்கு வெட்கமா இருக்கு.

அண்ணன்: இருக்கட்டும்… இப்போ அம்மாவைக் கூப்பிடு.

தங்கை: இல்ல. தீவுல…

அண்ணன்: தீவும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். அந்த விமானத்துல அம்மா எதுக்கு ஏறணும்னு தெரிஞ்சு ஏறட்டும். நின்னு போச்சுன்னு சொல்லாதே. நிறுத்தினேன்னு சொல்லு.

தங்கை: உனக்குப் புரியலை. அவர் வேண்டாம்னுட்டார்னு சொன்னா அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுவாங்க. நான் வேண்டாம்னேன்னு சொன்னா? என்ன காரணம்னு கேட்பாங்க. குடிக்கிறாரா? இல்ல. கை நீட்டினாரா? இல்ல. வேற பொண்ணா? இல்ல. கொட்டகையில உட்கார்ந்து பேச விஷயம் இல்லம்மா… இதையா சொல்ல முடியும்? அம்மா ஒரே வார்த்தைதான் கேட்பாங்க. "இதுக்கா?"

அண்ணன்: கேட்டாக் கேட்கட்டும்.

தங்கை: அப்பாவோட இத்தனை வருஷம் இருந்துட்டாங்க. அப்பாவைப் பத்தி ஒரு நாள் ஒரு குறை அம்மா வாயிலேர்ந்து வந்து நீ கேட்டிருக்கியா? அவங்ககிட்ட போய் நான் இதைச் சொன்னா… "இதுக்கா"ன்னு ஒரு தடவை கேட்டாங்கன்னா என்கிட்ட பதில் இல்ல அண்ணா. பதிலே இல்ல. அதுக்குத்தான் பயம். மத்த பத்து பேர் எனக்கு ஒரு பொருட்டே இல்ல.

அண்ணன்: போன் இந்தா. நான் வேணா வெளியே போய் நிக்கட்டுமா?

தங்கை: போகாதே. இங்கேயே இரு. ஸ்பீக்கர்ல போடறேன்.

அண்ணன்: இருக்கேன்.

தங்கை: மணி அடிக்குது… எடுக்கலைன்னா சனிக்கிழமை…

அம்மா: என்னடி? என்ன ஆச்சு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

தங்கை: ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்.

அம்மா: நானே நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கூப்பிடலாம்னு இருந்தேன். இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடந்துட்டிருக்கேன். மாமாதான் சொன்னான், புதுசாப் போட்டுட்டு வந்தா கடிக்கும், பழகிக்கோன்னு. அத்தை பார்த்துட்டுப் போலீஸ்காரி மாதிரி இருக்கேங்கறாங்க. அவங்க பெட்டி மூட மாட்டேங்குது, மேல உட்கார்ந்து மூடியிருக்கோம்…

தங்கை: அம்மா.

அம்மா: திறந்தா வெடிச்சிடும்னு நினைக்கிறேன்…

தங்கை: அம்மா, ஒரு நிமிஷம்.

அம்மா: என்னம்மா?

தங்கை: கல்யாணம் நடக்காதும்மா.

அம்மா: …

தங்கை: அம்மா?

அம்மா: யாரு… அவங்க வீட்டுல ஏதாவது சொன்னாங்களா?

தங்கை: இல்ல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். மண்டபத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல வரலை.

அம்மா: அந்தப் பையன் உன்னை ஏதாவது…

தங்கை: ஒண்ணுமே பண்ணலை. நல்லவர். நீங்க வரதுக்காக ஒவ்வொரு இடமாப் போய்ப் பார்த்து வெச்சார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல.

அம்மா: பின்னே ஏம்மா?

தங்கை: … ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரு இடத்துல சும்மா உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. அவர் தூங்கிட்டார். அவர் தூங்கினப்புறம்தான் என்னால மூச்சே விட முடிஞ்சதும்மா. எழுந்திரிச்சிடுவாரோன்னு பயமா இருந்தது. அவ்வளவுதான். வேற காரணம் கிடையாது.

அம்மா: …

தங்கை: அம்மா, லைன்ல இருக்கீங்களா?

அம்மா: இருக்கேன்.

தங்கை: ஏதாவது சொல்லுங்க.

அம்மா: இரு. கதவைச் சாத்திட்டு வரேன்.

அண்ணன்: அழாதே. வராங்க.

அம்மா: உன் அண்ணன் பக்கத்துலயா இருக்கான்?

அண்ணன்: இருக்கேன்மா.

அம்மா: அவளைத் தனியா விடாதே. மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். வரவங்க வரட்டும், வராதவங்க இருக்கட்டும். நான் வரேன்.

தங்கை: நிஜமாவே வரீங்களாம்மா?

அம்மா: ஷூ பழகிடுச்சு. வராம என்ன?

தங்கை: அம்மா… நீங்க கேட்கவே இல்லையே.

அம்மா: என்ன கேட்கலை?

தங்கை: "இதுக்கா?"ன்னு. இத்தனை பேரைக் கூட்டி, இவ்வளவும் பண்ணிட்டு, இதுக்கா நிறுத்தினேன்னு.

அம்மா: நான் உங்க ரெண்டு பேருக்கும் போன் பண்றது உங்கப்பா தூங்கினப்புறம்தான். இன்னிக்கு நேத்து இல்ல, என்னிக்குமே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் கண் அசந்ததுக்கு அப்புறம்தான் எனக்குன்னு ஒரு பொழுது ஆரம்பிக்கும்… நான் எப்படிடி கேட்பேன்?